எஃகுக்கு எஃகே கவசம்: வெப்பத் தெளிப்பு நானோ உலோகப் பூச்சுகள் எப்போது காக்கின்றன, எப்போது கைவிடுகின்றன

எஃகைத் துருவிலிருந்து காக்க வண்ணம் அடிப்பதும், உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதும் எல்லோரும் அறிந்த வழிகள். கொதிகலன் குழாய்கள், நீர்மின் சுழலிகள், கப்பல் தண்டுகள் போன்று உராய்வும் வெப்பமும் உப்பும் சேர்ந்து தாக்கும் இடங்களில் இவ்விரண்டும் போதுவதில்லை. அங்கே வேறொரு உலோகத்தை, பல வேளைகளில் வேறொரு வகை எஃகையே, உருக்கித் துளிகளாக்கி வேகமாகத் தெளித்துக் கவசமாக்குகிறார்கள். அந்தக் கவசத்தின் உட்கட்டமைப்பை நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்கு நுணுக்கினால் அது இன்னும் கடினமாகவும் நீடித்தும் இருக்கும் என்ற எண்ணத்தில் 1990களிலிருந்து பெரும் ஆராய்ச்சி நடந்துவருகிறது. அந்த ஆராய்ச்சி தந்த பயன் உண்மையானது. ஆயினும் ‘நானோ’ என்ற முன்னொட்டைக் கண்டதும் காப்பு உறுதியாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளும் போக்கு தவறானது. அந்தத் தவறுக்கு விலை கொடுப்பது பூச்சின் அடியில் இருக்கும் எஃகுதான்.

வெப்பத் தெளிப்பின் அடிப்படையை முதலில் பார்ப்போம். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் மாக்ஸ் உல்ரிக் ஷூப் என்பவர் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் இம்முறையை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். கம்பியாகவோ தூளாகவோ ஊட்டப்படும் உலோகம் சுடரிலோ மின்வில்லிலோ உருகுகிறது. விரையும் வாயு அதைத் துளிகளாக்கி எஃகின் மேல் வீசுகிறது. பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை விட்டமுள்ள ஒவ்வொரு துளியும் மோதியவுடன் சப்பையாகி, சில மைக்ரான் தடிமனுள்ள தகடாக உறைந்துவிடுகிறது. உறையும் வேகம் நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற அளவில் இருக்கும். துளி உருகிய நிலையில் வந்தாலும், சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருந்தால் அடியிலுள்ள எஃகின் வெப்பநிலை 150 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் வைத்திருக்க முடியும். பற்றவைப்பில் நேர்வது போல எஃகு வளைவதும், அதன் உள்ளமைப்பு மாறுவதும் இதில் இல்லை. பதிலாக, பூச்சுக்கும் எஃகுக்கும் இடையே உருகிக் கலந்த பிணைப்பும் கிடையாது. கூரிய மணல் போன்ற துகள்களை வீசிச் சொரசொரப்பாக்கிய மேற்பரப்பின் மேடுபள்ளங்களில் துளிகள் சென்று கவ்விக்கொள்வதே பிடிமானத்தின் பெரும்பகுதி. மேற்பரப்பைத் தயார் செய்யும் இந்த வேலையில் குறை இருந்தால், மேலே தெளிப்பது எவ்வளவு விலையுயர்ந்த பொடியானாலும் உரிந்து விழும்.

துருவைத் தடுப்பது ஒன்றே நோக்கமென்றால், நானோ தேவையே இல்லாத பழைய தீர்வு ஒன்று இருக்கிறது. துத்தநாகமும் அலுமினியமும் எஃகைவிட எளிதில் கரையும் இயல்புடையவை. பூச்சில் கீறல் விழுந்து எஃகு வெளியே தெரிந்தாலும் அவை தாம் கரைந்து எஃகைக் காப்பாற்றும். அமெரிக்கப் பற்றவைப்புச் சங்கம் இவ்விரு உலோகங்களின் தெளிப்புப் பூச்சுகளைக் கடல்நீரிலும் கடற்காற்றிலும் தொழிற்சாலைப் புகையிலும் 19 ஆண்டுகள் வைத்துச் சோதித்து 1974இல் அறிக்கை வெளியிட்டது. 0.08 முதல் 0.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தெளிப்பு அந்த 19 ஆண்டுகளும் எஃகை முழுமையாகக் காத்திருந்தது. ஸ்காட்லாந்தில் 1964இல் திறக்கப்பட்ட ஃபோர்த் சாலைப் பாலத்தின் எஃகுக்குத் துத்தநாகம் தெளிக்கப்பட்டது. இந்திய ரயில்வேயும் கடலோரப் பாலங்களின் உத்திரங்களுக்கு அலுமினியத் தெளிப்பை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறது. வட கடல் எண்ணெய்த் தளங்களில் வெப்பக் காப்புறைக்கு அடியில் மறைந்திருக்கும் சூடான குழாய்களுக்கும் இதுவே நம்பகமான வழி. இவை எவற்றிலும் படிகமணியின், அதாவது உலோகத்துக்குள் இருக்கும் சிறு படிகத்தின், அளவு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. சாதாரணப் பாலத்துக்கோ தொட்டிக்கோ நானோ பூச்சை யாராவது பரிந்துரைத்தால், அலுமினியம் ஏன் போதாது என்பதை அவர்தான் விளக்க வேண்டும்.

அலுமினியமும் துத்தநாகமும் தோற்கும் இடம் வேறு. இரண்டும் மென்மையானவை. துத்தநாகம் 419 டிகிரியிலும் அலுமினியம் 660 டிகிரியிலும் உருகிவிடும். மணலும் சாம்பலும் உரசும் இடத்தில் அவை சில மாதங்கள்கூடத் தாங்கா. இதுவரை அத்தகைய இடங்கள் பலவற்றில் கடினக் குரோமிய முலாம்தான் கைகொடுத்தது. அந்த முலாமிடும் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. அமெரிக்கா 2006இல் பணியிடக் காற்றில் அதன் வரம்பைக் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பருக்குப் பின் தனி அனுமதியின்றிக் குரோமியம் டிரையாக்சைடைப் பயன்படுத்தக்கூடாது என்றது. விமானங்களின் தரையிறங்கு சட்டகங்களிலிருந்து நீரழுத்தத் தண்டுகள்வரை, குரோமியத்தின் இடத்தைத் தெளிப்புப் பூச்சுகள் பிடிக்கத் தொடங்கியதற்கு இந்தக் கட்டுப்பாடுகள் ஒரு பெரிய காரணம்.

இங்கேதான் படிகமணியின் அளவு முக்கியமாகிறது. உலோகம் என்பது எண்ணற்ற சிறு படிகமணிகளின் தொகுப்பு. மணி சிறுக்கச் சிறுக்க உலோகம் வலுக்கிறது என்பதை 1951இல் ஹால் என்ற ஆய்வாளரும் 1953இல் பெட்ச் என்பவரும் தனித்தனியே நிறுவினார்கள்: மணி எல்லைகள் தரும் வலிமை, மணி விட்டத்தின் இருமடி மூலத்துக்கு எதிர் விகிதத்தில் உயரும். 10 மைக்ரான் மணியை 100 நானோமீட்டராகக் குறைத்தால் வலிமையின் அந்தப் பகுதி பத்து மடங்காகும். இதற்கும் எல்லை உண்டு. ஏறத்தாழ 10 முதல் 20 நானோமீட்டருக்குக் கீழே போனால் மணி எல்லைகளே வழுக்கத் தொடங்கி, வலிமை உயர்வது நின்றுவிடுகிறது, சில உலோகங்களில் குறையவும் செய்கிறது. 10 நானோமீட்டர் மணிகளாலான உலோகத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அணுக்கள் எல்லைப் பகுதியில்தான் இருக்கும் என்பதை நினைத்தால், அதைப் பழைய உலோகத்தின் சிறிய வடிவமாக மட்டும் கருத முடியாது என்பது புரியும்.

அரிமானத்தில் நுண்மணிகளின் பங்கு இருபுறமும் வெட்டக்கூடியது. குரோமியம் போதுமான அளவு கலந்த உலோகக் கலவையில், மணி எல்லைகள் வழியே குரோமியம் விரைந்து மேற்பரப்புக்கு வந்து சேருவதால், காப்பான ஆக்சைடு படலம் சீக்கிரமாகவும் சீராகவும் உருவாகும். காப்புப் படலமே உருவாகாத சூழலில், உதாரணமாக வலிய அமிலத்தில், அதே எல்லைகள் கரைசலுக்குத் திறந்த வாயில்களாகி அழிவை விரைவுபடுத்தக்கூடும். ஆகவே ‘நுண்மணி அரிமானத்தைத் தடுக்கும்’ என்ற பொதுவிதி எதுவும் இல்லை. எந்தக் கலவை, எந்தச் சூழல் என்று கேட்ட பிறகே பதில் சொல்ல முடியும்.

நுண்மணியைப் பூச்சுக்குள் கொண்டுசேர்ப்பது அடுத்த சிக்கல். நானோ தூளை அப்படியே தெளிப்புத் துப்பாக்கியில் ஊட்ட முடியாது. அது ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயை அடைத்துவிடும். அடைக்காமல் வந்தாலும், எடை மிகக் குறைந்த துகள் சுடரின் நடுப்பகுதிக்குள் நுழையாமல், எஃகின் மேல் மோதாமல், வாயுவோடு சேர்ந்து பக்கவாட்டில் பறந்துவிடும். அதனால் நானோ துகள்களைப் பசையோடு கலந்து உலர்த்தி, பல மைக்ரான் அளவுள்ள உருண்டைகளாகத் திரட்டி, பின்னர் சூடாக்கி இறுகவைக்கிறார்கள். மற்றொரு வழி, சாதாரண உலோகத் தூளைத் திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரி உறைகுளிரில் எஃகுக் குண்டுகளோடு சேர்த்து நெடுநேரம் அரைப்பது. தூள் மைக்ரான் அளவிலேயே இருக்கும். அதன் உள்ளிருக்கும் மணிகள் மட்டும் பலமுறை நசுங்கி உடைந்து நானோ அளவை அடையும். அரைக்கும்போது உண்டாகும் நுண்ணிய நைட்ரைடு, ஆக்சைடு துகள்கள் மணி எல்லைகளை நகரவிடாமல் பிடித்துவைப்பதால், பின்னர் சூடாக்கினாலும் மணிகள் எளிதில் பருப்பதில்லை. கலிபோர்னியாவில் என்ரிக்கே லவேர்னியாவின் குழு இம்முறையை விரிவாக வளர்த்தது.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த நுண்ணமைப்பைத் தெளிப்புத் துப்பாக்கி ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அழித்துவிடக்கூடும். முழுவதும் உருகிய துளி தன் பழைய அமைப்பை மறந்துவிடும். அதன் புதிய அமைப்பை உறையும் வேகம் மட்டுமே தீர்மானிக்கும். டங்ஸ்டன் கார்பைடும் கோபால்டும் கலந்த பூச்சில் நிலைமை இன்னும் மோசம். கார்பைடு துகள் சிறுத்தால் அதன் மேற்பரப்பு பெருகுகிறது. அந்தப் பரப்பின் வழியே சுடரில் கார்பன் எரிந்து போய், நொறுங்கும் தன்மையுள்ள வேறு சேர்மங்கள் உருவாகின்றன. நானோ கார்பைடு பூச்சு சாதாரணப் பூச்சைவிட வேகமாகத் தேய்ந்ததை 1990களின் இறுதியில் பிரிட்டனின் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். தூளில் நானோ இருப்பதும் பூச்சில் நானோ இருப்பதும் இரு வேறு செய்திகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகக் குழு அலுமினா-டைட்டானியாப் பீங்கான் பூச்சில் இதற்கு ஒரு தீர்வு கண்டது: உருண்டைகளை அரைகுறையாக மட்டும் உருக்கி, உருகிய தகடுகளுக்கு இடையே உருகாத நுண்பகுதிகள் விரவியிருக்கும்படி சுடரைக் கட்டுப்படுத்தினார்கள். விரிசல் ஓடிவந்து அந்தப் பகுதிகளில் தடைபட்டு நின்றது. அந்தப் பூச்சை அமெரிக்கக் கடற்படை தன் கப்பல் உறுப்புகளுக்கு ஏற்றுக்கொண்டது.

உலோகப் பூச்சில் இதைவிட நயமான வழி ஒன்று, உறையும் வேகத்தையே கருவியாக்குகிறது. உருகிய உலோகம் போதிய வேகத்தில் குளிர்ந்தால் அணுக்கள் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்காமல், கண்ணாடியைப் போல ஒழுங்கின்றி உறைந்துவிடும். 1960இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பால் டூவேயின் குழு தங்கமும் சிலிக்கனும் சேர்ந்த கலவையில் இதை முதலில் செய்துகாட்டியது. வெப்பத் தெளிப்பில் இயல்பாகவே அத்தகைய வேகம் உண்டு என்பதால், கலவையைச் சரியாகத் தேர்ந்தால் பூச்சே உலோகக் கண்ணாடியாக வந்து இறங்கும். அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் டேனியல் பிரானகன் இரும்பை அடிப்படையாகக் கொண்டு இத்தகைய கலவைகளை உருவாக்கினார். கண்ணாடியாக உறைந்த அந்த எஃகைப் பின்னர் அளவோடு சூடாக்கினால், எங்கும் ஒரே நேரத்தில் எண்ணற்ற படிகங்கள் முளைத்து, ஒன்றையொன்று வளரவிடாமல் நெருக்கி, நானோ அளவிலேயே நின்றுவிடுகின்றன. நானோ தூளை அரைக்கவோ திரட்டவோ வேண்டியதில்லை. சாதாரண அளவுள்ள தூளிலிருந்தும், உள்ளே தூள் அடைத்த கம்பியிலிருந்தும்கூட நுண்ணமைப்பு பிறக்கிறது.

அதே மரபில் வந்த இரு கலவைகளின் கதை எனக்கு மிகுந்த படிப்பினை உள்ளதாகத் தோன்றுகிறது. அணுக்கழிவைப் பல்லாயிரம் ஆண்டுகள் அடைத்துவைக்கும் கலன்களுக்கும் கடற்படைக் கப்பல்களுக்கும் பொருத்தமான கவசத்தைத் தேடி, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயர் ஆய்வு முகமையும் எரிசக்தித் துறையும் சேர்ந்து நடத்திய திட்டத்தில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் முன்னின்றது. நெவாடாவின் யூக்கா மலைக்குள் புதைக்கத் திட்டமிட்ட கலன்களுக்கு நிக்கல் அடிப்படையிலான சி-22 என்ற விலையுயர்ந்த கலவை கருதப்பட்டிருந்தது. அதன் அருகில் நிற்கக்கூடிய மலிவான இரும்புப் பூச்சு கிடைக்குமா என்பதே கேள்வி. முதலில் சோதித்த எஸ்ஏஎம்40 என்ற கலவையின் பூச்சு, உப்புநீரைப் பனிபோலத் தூவிப் பார்க்கும் உப்புப்பனிச் சோதனையில் துருவைக் காட்டியது. அதில் மாலிப்டினத்தைக் கூட்டி எஸ்ஏஎம்2எக்ஸ்5 உருவானது. இதில் ஏறத்தாழ பாதி இரும்பு, குரோமியம் 17.7, போரான் 15.2, மாலிப்டினம் 7.4 அணுச் சதவீதம். மற்றொன்றான எஸ்ஏஎம்1651இல் சிறிதளவு யிட்ரியம் சேர்க்கப்பட்டது. யிட்ரியம் சேர்ந்த கலவை நொடிக்கு 80 டிகிரி வேகத்தில் குளிர்ந்தாலே கண்ணாடியாகிவிடும். எஸ்ஏஎம்2எக்ஸ்5க்கு 610 டிகிரி வேண்டும். ஏட்டளவில் யிட்ரியக் கலவையே சிறந்தது. ஆனால் அதன் தூள் ஒழுங்கற்ற வடிவில் வந்ததால் வாயுக் குழாயில் சீராக ஓடவில்லை. எஸ்ஏஎம்2எக்ஸ்5இன் தூளோ உருண்டையாக வந்து எளிதாக ஓடியது. தெளிப்புத் தொழிலில் பொருளின் தகுதியை அதன் வேதியியல் மட்டும் முடிவுசெய்வதில்லை என்பதை இது நன்றாக உணர்த்துகிறது. இரு கலவைகளின் பூச்சுகளும் உப்புப்பனிச் சோதனையைத் துருவின்றிக் கடந்தன. போரான் நியூட்ரான்களை உறிஞ்சும் என்பதால், எரிபொருள் கோல்களைத் தாங்கும் கூடைகளுக்கும் இப்பூச்சு பொருந்தும் என்று கருதப்பட்டது. யூக்கா மலைத் திட்டத்தையே 2010இல் அமெரிக்க அரசு கைவிட முனைந்ததால் பூச்சு அங்கே பயன்படுத்தப்படவில்லை. அறிவு மட்டும் மிஞ்சியது.

இக்கலவைகளில் ஒரு முரண் உள்ளது. அரிமானத்துக்கு எதிராக இவை தரும் காப்பின் வேர், மணி எல்லைகளே இல்லாத கண்ணாடி நிலையில் இருக்கிறது. 600 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கினால் நானோ படிகங்கள் பிறக்கின்றன. அப்போது போரைடு, கார்பைடு படிகங்கள் குரோமியத்தையும் மாலிப்டினத்தையும் தம் பக்கம் இழுத்துக்கொள்ள, சுற்றியுள்ள பகுதி அவற்றை இழந்து துருவுக்கு ஆளாகிறது. அதாவது தேய்மானத்துக்கு நல்லதான நானோ அமைப்பு, உப்புநீருக்கு அவ்வளவு நல்லதாக இல்லை. உராய்வுக்காகவா, உப்புநீருக்காகவா என்பதை முதலில் முடிவுசெய்யாமல் கலவையைத் தேர்ந்தெடுப்பவர் இரண்டையும் இழக்க நேரும்.

இனி இக்கட்டுரையின் மையமான சிக்கலுக்கு வருகிறேன். தெளிப்புப் பூச்சு என்பது ஓடு வேய்ந்த கூரையைப் போன்றது. ஒவ்வொரு ஓடும் எவ்வளவு நன்றாகச் சுடப்பட்டிருந்தாலும், மழைநீர் ஓடுகளுக்கு இடையிலுள்ள இடுக்கைத்தான் தேடும். தகடுகளின் இடையே நுண்துளைகளும் ஆக்சைடு இழைகளும் இருக்கும். மின்வில் தெளிப்பில் இவை பூச்சில் பல சதவீதம்; அதிவேகத் தெளிப்பில் 1 சதவீதத்துக்கு அருகில். அத்துளைகள் ஒன்றோடொன்று இணைந்து எஃகுவரை சென்றால், உப்புநீர் அடித்தளத்தைத் தொட்டுவிடும். துத்தநாகப் பூச்சில் இது பெரிய கேடு செய்யாது. பூச்சு தானே கரைந்து எஃகைக் காக்கும், கரைந்த பொருள் துளைகளையும் அடைக்கும். துருப்பிடிக்காத எஃகு, நிக்கல் கலவை, உலோகக் கண்ணாடி ஆகிய எல்லாம் அடியிலுள்ள எஃகைவிட உயர்குணம் உடையவை, அதாவது எஃகைவிட எளிதில் கரையாதவை. அங்கே துளையின் அடியில் தெரியும் சிறு எஃகுப் பரப்பு நேர்மின்வாயாகவும், பரந்த பூச்சு முழுவதும் எதிர்மின்வாயாகவும் மாறி, அந்தச் சிறு பரப்பு பூச்சே இல்லாத எஃகைவிட வேகமாகக் குழிந்து அரிக்கும். பூச்சு வெளியில் பளபளத்துக்கொண்டிருக்க, அதன் அடியில் துரு பரவி ஒருநாள் பூச்சு மொத்தமாகக் கழன்றுவிழும். மணி 20 நானோமீட்டரா 20 மைக்ரானா என்பது இந்த விளைவைச் சிறிதும் மாற்றாது. நுண்ணமைப்பு தகட்டின் உள்ளே இருக்கும் குணம். கசிவோ தகடுகளின் இடையே நடக்கும் செயல்.

எனவே எந்தத் துப்பாக்கி என்பது எந்தப் பொடி என்பதற்கு இணையான கேள்வி. பிளாஸ்மாச் சுடர் 10,000 டிகிரியைத் தாண்டும். எதையும் உருக்கும், நுண்ணமைப்பையும் சேர்த்து. 1980களில் ஜேம்ஸ் பிரௌனிங் உருவாக்கிய அதிவேக ஆக்சி-எரிபொருள் தெளிப்பில் சுடர் 3,000 டிகிரிக்குள் இருக்கும், துகளின் வேகம் நொடிக்குப் பல நூறு மீட்டர். குறைந்த வெப்பமும் மிகுந்த வேகமும் சேர்வதால் நுண்மணியும் பிழைக்கிறது, துளையும் குறைகிறது. தொழில்துறையில் இன்று நானோ உலோகப் பூச்சுகளுக்கு இதுவே முதன்மையான முறை. 1950களில் யூனியன் கார்பைடு நிறுவனத்தில் பிறந்த வெடிப்புத் தெளிப்பும் மிக வேகமானது. ஹைதராபாத்தில் உள்ள ஏஆர்சிஐ எனப்படும் தூள் உலோகவியல் ஆய்வு மையம் இம்முறையில் ஆழ்ந்த அனுபவம் பெற்று, தொழில்நுட்பத்தைத் தொழில்முனைவோருக்கும் வழங்கியிருக்கிறது. 1980களில் சோவியத் நாட்டின் நோவோசிபிர்ஸ்கில் அனடோலி பாப்பிரின் குழு கண்டறிந்த குளிர்த் தெளிப்பில் துகள் உருகுவதே இல்லை. ஒலியை விஞ்சும் வேகத்தில் மோதி, நசுங்கி, ஒட்டிக்கொள்கிறது. தூளில் இருந்த நுண்மணி அப்படியே பூச்சுக்கு வந்து சேருவது இதில்தான். நசுங்கும் தன்மை தூளுக்கு வேண்டும் என்பது இதன் வரம்பு. அரைத்துக் கடினமாக்கிய நானோ தூள் நசுங்க மறுப்பது ஒரு தொல்லை.

இந்தியாவில் இப்பூச்சுகளுக்குத் தேவை மிகுதி. நமது நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம்வரை இருக்கிறது. அதிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் கொதிகலன் குழாய்களைத் தேய்த்து ஓட்டையாக்குகின்றன. திருச்சியின் பெல் நிறுவனம் செய்யும் கொதிகலன்களில் பல இந்தச் சாம்பலைத்தான் எதிர்கொள்கின்றன. இமாச்சலத்தில் சட்லெஜ் ஆற்றின் மேல் அமைந்த 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையத்தில் மழைக்கால வண்டல் சுழலிகளை அரிக்க, டங்ஸ்டன் கார்பைடு-கோபால்ட்-குரோமியப் பூச்சை அதிவேகத் தெளிப்பால் இட்டுவருகிறார்கள். இரண்டிலும் தேய்மானமே முதல் எதிரி என்பதால் நுண்ணமைப்பின் பயன் இங்கே நேரடியானது. கொதிகலனை நிறுத்திவைக்கும் குறுகிய நாட்களுக்குள் உள்ளேயே சென்று தெளிக்க வேண்டியிருப்பதால், எடுத்துச் செல்ல எளிதான மின்வில் கருவியும் தூள் அடைத்த கம்பியுமே அங்கே நடைமுறைக்கு உகந்தவை. துளைமை அதிவேகத் தெளிப்பைவிடக் கூடுதலாக வந்தாலும், உலர்ந்த சாம்பல் உரசும் இடத்தில் அது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. அதே பூச்சைக் கடல்நீர்க் குழாய்க்கு எடுத்துச் சென்றால் மேலே விவரித்த கசிவுச் சிக்கல் உடனே தலைதூக்கும்.

பூச்சு வாங்குவோர் கேட்க வேண்டியவை இதிலிருந்தே கிடைக்கின்றன. மணி அளவைத் தூளில் அளந்தார்களா, தெளித்து முடித்த பூச்சின் குறுக்குவெட்டில் அளந்தார்களா? துளைமை எவ்வளவு, அது எஃகுவரை தொடர்கிறதா? எஃகு எந்த அளவுக்குத் துகள்வீச்சால் சுத்தமாக்கப்பட்டது, தெளிப்புக்கு முன் எவ்வளவு நேரம் திறந்து கிடந்தது? உயர்குணப் பூச்சின் துளைகளை எபாக்ஸி போன்ற நீர்மப் பிசினால் அடைத்தார்களா? தொடர்துளையைக் கண்டறிய எளிய சோதனை இருக்கிறது: பொட்டாசியம் ஃபெரிசயனைடும் உப்பும் கலந்த கரைசலில் நனைத்த தாளைப் பூச்சின் மேல் ஒட்டிவைத்தால், கரைசல் எங்கே எஃகைத் தொடுகிறதோ அங்கே நீலப்புள்ளி தோன்றும். மின்னணு நுண்ணோக்கிப் படங்களை அச்சிட்டுத் தரும் விற்பனையாளரிடம் இந்தச் சோதனையின் முடிவையும் கேட்பது நல்லது. உப்புப்பனிப் பெட்டியில் சில நூறு மணி நேரச் சோதனையைக் கடலோரத்தின் பல ஆண்டுகளுக்கு ஈடாகக் கொள்வதும் சரியல்ல. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் செய்வதைப் போல, உண்மையான கடற்காற்றில் தகடுகளை ஆண்டுக்கணக்கில் வைத்துப் பார்ப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை. அத்தகைய நீண்ட கால முடிவுகள் துத்தநாகத்துக்கும் அலுமினியத்துக்கும் நிறைய உண்டு. நானோ இரும்புப் பூச்சுகளுக்கு அவை இன்னும் குறைவு. அவை சேரும்வரை, தேய்மானம் முதன்மையாக உள்ள இடங்களில் இப்பூச்சுகளைத் துணிந்தும், கடல்நீர் முதன்மையாக உள்ள இடங்களில் துளையடைப்போடும் அடிக்கடிப் பரிசோதனையோடும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.